எரியாத கரும்பு

அப்பாவின் உடல் சேற்றில் சாய்ந்தது இன்னும் என் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. எங்கள் தெருவிலிருந்து சுடுகாட்டுக்குப் போகும் பாதையை ஊர்ப் பெரிய நிலக்காரர் உழுது, கரும்பு நட்டுவிட்டார். ஐப்பசி மழை. ஆளுக்கு ஒரு காலடி வைக்கத்தான் வரப்பில் இடம். முன்னால் தூக்கியவர் வழுக்கியதும் பாடை கவிழ்ந்தது. மோட்டார் கொட்டகையில் உட்கார்ந்திருந்த நிலக்காரர் எழுந்திருக்கக்கூட இல்லை. "கரும்ப மிதிக்காம போங்கடா" என்றார்.

மனுப் போட்டு எந்த ஊரில் எது மாறியது, அடித்தால்தான் மாறும் என்று கள்ளக்குறிச்சி டீக்கடைகளில் பேசிக்கொண்டு திரிந்தவன் நான். தை பிறந்து தோகை காயட்டும் என்று காத்திருந்தேன். காய்ந்ததும் பட்டப்பகலில் தீப்பெட்டியோடு கிளம்பினேன். கரும்பு வெட்டும் கூலி வேலைக்குப் போகும் என் அக்கா தெருமுனையில் மறித்தாள்.

"எங்கடா போய்க்கினு கீற?"

சொன்னேன்.

"அறிவு கீதா உனக்கு? வெட்டு உத்தரவு வரலன்னு அந்தாளு ஆலைக்கு நடையா நடந்துகினு கீறான். எரிஞ்ச கரும்பத்தான் ஆலைல மொதல்ல எடுப்பாங்க. நீ கொளுத்தினா நாளைக்கே அவனுக்கு லாரி வரும். உனக்கு ஜெயிலு."

ஊருக்கெல்லாம் புரட்சி சொன்ன எனக்கு இது தோன்றவே இல்லை. வெட்கத்தைவிட ஆத்திரம்தான் ஜாஸ்தியாக வந்தது.

பாதையை மீட்கவென்றே அக்கா வார்டு தேர்தலில் நின்றாள். வேண்டாவெறுப்பாக வீடு வீடாக ஏறி இறங்கினேன். ஜெயித்தாள். கிராமசபை கூடும்போதெல்லாம் அதே தீர்மானம்: பழைய வரைபடத்தில் உள்ளபடி பாதை வேண்டும். திங்கட்கிழமைகளில் மனுவோடு கலெக்டர் ஆபீசுக்குப் போவோம். வாசலில் போலீஸ்காரர் எங்கள் தண்ணீர் பாட்டிலைத் திறந்து, மண்ணெண்ணெயா என்று மோந்து பார்த்து உள்ளே விடுவார். அது வெறும் தண்ணீராக இருந்ததில் எனக்குத்தான் வருத்தம்.

மூன்றாம் வருஷம் சர்வேயர் வந்து அளந்தார். கரும்பை வெட்டிக் கல் நடும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். நிலக்காரர் பக்கத்தில் வந்து நின்றார்.

"தம்பி, கல்ல கொஞ்சம் தள்ளி நடுங்க. ரெண்டு சாலு கரும்பு தப்பிச்சிக்கும்."

அன்றைக்கு 'டா' போட்ட வாய் அது. அளந்த இடத்திலேயே நட்டேன். பொய் சொல்ல மாட்டேன், தீ வைத்திருந்தால்கூட அவ்வளவு இனித்திருக்காது.

அடுத்த ஆவணியில் அம்மா போய்ச் சேர்ந்தாள். பெண்கள் சுடுகாட்டுக்கு வராத வழக்கத்தை மீறி அக்காவும் கூட வந்தாள். அப்பா விழுந்த இடம் வந்ததும் பாடையை இறக்கச் சொன்னேன். மேளத்தை விடாமல் அடிக்கச் சொன்னேன். கொட்டகையில் இருந்த நிலக்காரர் எழுந்து, தோள்துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார். வெயில் அவர் நெற்றியில் அடித்தது. நேரம் போனது.

"போதும்டா, தூக்கச் சொல்லு" என்றாள் அக்கா.

"அம்மாவுக்கு இன்னா அவசரம்? அந்தாளு இன்னும் கொஞ்சம் நிக்கட்டும்."