மச்சான் வண்டியில் ஓடிய என் கார்ப்ரேட்டர்

என் அத்தை மகனிடம் இருப்பதும் என்னிடம் இருப்பதும் ஒரே வகைக் கார்கள். எண்ணூறு சிசி, பெட்டி மாதிரி உடம்பு, இப்போது யாரும் தயாரிக்காத பழைய மாடல். அவனுடையது வெள்ளை, என்னுடையது சிவப்பு. இந்த ஒரு வேற்றுமையைத் தவிர மற்றபடி இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் என்றுதான் ஊர் சொல்லும். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். என் வண்டியை நான் பார்த்துப் பார்த்து வைத்திருக்கிறேன். அவன் தன் வண்டியில் உரமூட்டை ஏற்றுகிறான்.

சித்தையன்கோட்டையில் அவனுக்கு உரக்கடை. நான் திண்டுக்கல்லில், வீட்டில் உட்கார்ந்தபடியே ஒரு மென்பொருள் கம்பெனிக்கு வேலை பார்ப்பவன். வேலை நேரம் போக மீதி நேரமெல்லாம் கார் வீடியோ. எந்த ஸ்க்ரூவை எந்தப் பக்கம் திருகினால் என்ன ஆகும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். மச்சானுக்கு பானட்டைத் திறக்கும் கொக்கி எங்கே இருக்கிறது என்பதே சந்தேகம். ஆனாலும் நாகல் நகரில் நாங்கள் இருவரும் வண்டி விடும் ஒர்க்‌ஷாப்பில் அவனுக்கு நடக்கும் மரியாதை எனக்கு நடந்ததில்லை.

அவன் வண்டி தெருமுனையில் திரும்பும்போதே மெக்கானிக் அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்துவிடுவார். "வாங்க அப்பு! என்ன, ரொம்ப நாளாக் காணோம்?" நான் போனால், "சொல்லுங்க சார்." அவ்வளவுதான். அவனுக்குக் கேட்காமலே டீ வரும். எனக்கும் வரும், அவன் கூட இருந்தால். நான் கார்ப்ரேட்டரைப் பற்றி ஆர்வமாக எதையாவது ஆரம்பித்தால் அண்ணன் தலையை ஆட்டிக்கொண்டே மச்சானைப் பார்த்து, "வெங்காயம் என்ன விலை போவுது அப்பு?" என்பார். வெங்காயம்!

கார்ப்ரேட்டர் என்பது பெட்ரோலையும் காற்றையும் கலந்து என்ஜினுக்கு ஊட்டும் ஒரு சின்ன உலோகச் சாமான். இந்தக் காலத்துக் கார்களில் அது கிடையாது. என் வண்டியில் இருந்தது கம்பெனியிலிருந்தே வந்தது. ஒரு கோடை முழுக்க மொட்டை மாடியில் பேப்பர் விரித்து, அதைக் கழற்றி, பல் துலக்கும் பிரஷ்ஷால் துளை துளையாகச் சுத்தம் செய்து மாட்டினேன். அதன் பிறகு வண்டி நிற்கும்போது என்ஜின் ஓடுகிறதா இல்லையா என்று ஸ்டியரிங்கில் கை வைத்துப் பார்த்தால்தான் தெரியும். அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "வண்டி ஆஃப் ஆயிருச்சேடா" என்றாள். எனக்கு அதைவிடப் பெரிய பாராட்டு வேண்டியிருக்கவில்லை.

மச்சான் அந்த வண்டியை ஒருமுறை வாங்கிக்கொண்டு போய் செம்பட்டி வரை ஓட்டிவிட்டு வந்தான். சாவியைத் தரும்போது ஒன்றும் சொல்லவில்லை. பாராட்டாததைக்கூடப் பெரிதாக நினைத்து ஒரு வாரம் மனதுக்குள் அவனைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

பிறகுதான் க்ளட்ச் கேபிள் இறுகியது. வண்டியை ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். "கேபிள் மட்டும் மாத்துங்கண்ணே. வேற எதையும் தொட வேணாம்" என்று தெளிவாகவே சொன்னேன். அவரும் "சரி சார்" என்றார். இரண்டு நாள் கழித்து எடுக்கப் போனபோது அவர் உதிரிபாகம் வாங்கப் போயிருந்தார். வண்டியும் சாவியும் தயாராக இருந்தன. க்ளட்ச் வெண்ணெய் மாதிரி இருந்தது. சந்தோஷமாக ஓட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்ட் பக்கம் வந்து சிக்னலில் நின்றேன். வண்டி உறுமியது.

உறுமியது என்றால், முன்னால் நின்ற ஆட்டோக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு. ஓரமாக நிறுத்திவிட்டு பானட்டைத் தூக்கினேன். உள்ளே என் கார்ப்ரேட்டர் இல்லை. அதன் இடத்தில் பளபளவென்று புத்தம் புதிய ஒன்று, சம்பந்தமில்லாத விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருந்தது.

நேரே ஒர்க்‌ஷாப்புக்குத் திருப்பினேன். அண்ணன் வந்துவிட்டிருந்தார். தன் லோடு வேனுக்குக் காத்திருந்த ஒரு பெரியவரோடு பேசிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, என் கார்ப்ரேட்டர் எங்கண்ணே?"

"உள்ளதான சார் இருக்கு? புதுசு."

"நான் பழசைக் கேக்குறேன்."

அவர் கொஞ்சமும் தடுமாறாமல் சொன்னார். "அது வெள்ள வண்டியில மாட்டியாச்சு."

எந்த வெள்ளை வண்டி என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லை. மச்சான் வண்டியின் கார்ப்ரேட்டர் அந்த வாரம் செத்துப் போயிருக்கிறது. ஒரிஜினல் எங்கும் கிடைக்கவில்லை, கிடைத்தது இந்த லோக்கல் சாமான்தான். அவன் வண்டி தினமும் லோடோடு ஓடுகிறது, என் வண்டி டவுனுக்குள் காய்கறி வாங்கப் போகிறது. ஆக, ஓடுகிற வண்டிக்கு ஒரிஜினல், நிற்கிற வண்டிக்குப் புதுசு. அண்ணனின் கணக்கு இது.

"என்கிட்ட கேக்காம எப்படிண்ணே?"

"கேட்டனே சார். அப்புகிட்ட போன் போட்டுக் கேட்டேன். தாராளமா மாட்டுங்க, மாப்ளகிட்ட நான் சொல்லிக்கிறேன்னாரு."

"வண்டி என்னோடதுண்ணே!"

"யாரு இல்லேன்னா? செத்த உக்காருங்க. இம்புட்டு கோவம் ஆகாது. உங்கள இங்க கூட்டிட்டு வந்தது யாரு? அப்பு. இங்க எந்த வண்டின்னாலும் கூட்டிட்டு வந்தவர்கிட்டதான் கேப்பேன். நாளைக்கு ஏதாவது ஒன்னுன்னா அவருதான பதில் சொல்லணும்?"

அது அந்த ஒர்க்‌ஷாப்பின் சட்டம் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. முதல்முறை என்னை அங்கே அழைத்துப் போனவன் மச்சான். அந்த ஒரே காரணத்தால், நான் தவணை கட்டி, துடைத்து, கொஞ்சி வைத்திருந்த வண்டி அங்கே அவன் கணக்கில் இருந்திருக்கிறது. "உங்க போன்ல என் நம்பராவது இருக்கா?" என்று கேட்டேன். தேடினார். என் பெயர் இல்லை. நானே அங்கே நின்று அவர் போனுக்கு அடித்தேன். அவர் திரையில் வந்தது: உரக்கடை 2.

நான் ஒரு இன்ஜினியர். வீட்டுக்கு ஒரே பையன். உரக்கடை இரண்டு.

வேன் பெரியவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு நியாயம் பேச வந்தார். "தம்பி, புதுசக் குடுத்துட்டுப் பழச எடுத்துருக்காக. இதுல உங்களுக்கு என்ன நட்டம்?"

"அது நான் சுத்தம் பண்ணி செட் பண்ணது, ஐயா."

"அதான் நல்லா ஓடுதுபோல" என்று அண்ணன் குறுக்கே சொன்னார். "வெள்ள வண்டி இப்ப பூ மாதிரி நிக்குது. சத்தமே இல்ல."

அவர் அதைச் சமாதானத்துக்காகத்தான் சொன்னார். என் கோடைக்காலம் முழுவதும் இப்போது சித்தையன்கோட்டையில், யூரியா மூட்டைக்கு முன்னால், சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. ஊரில் எல்லோரும் 'உரக்கடைக்காரர் வண்டிய என்ன அருமையா வச்சிருக்காரு' என்று சொல்லியிருப்பார்கள். அவனும் ஆமாம் என்று தலையாட்டியிருப்பான்.

"எனக்கு என்னோடது வேணும். மாத்திக் குடுங்க. இல்லேன்னா நான் எங்க சொல்லணுமோ அங்க சொல்லிக்கிறேன்" என்றேன். எங்கே சொல்வது என்று எனக்கே தெரியாது.

"ஒரே குடும்பத்து வண்டிங்க சார். மாமன் வீட்டு கிரைண்டர அத்தை வீட்டுக்குத் தூக்கிட்டுப் போனா கேஸ் போடுவாகளா?"

"எங்க வீட்ல போடுவோம்ணே."

பெரியவர் இதற்கு வாய்விட்டே சிரித்துவிட்டார். அண்ணன் முகம் சுருங்கியது. போனை எடுத்து, "அப்பு, வண்டிய எடுத்துட்டு வாங்க. சார் சண்ட போடுறாரு" என்றார்.

மச்சான் ஒரு மணி நேரத்தில் வந்தான். வண்டியை வாசலில் நிறுத்தி, என்ஜினை அணைக்காமலே இறங்கினான். நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அந்தச் சத்தத்தைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். சத்தமில்லாத சத்தம். என்னுடையது. வேறு ஒருவரின் கையைப் பிடித்துக்கொண்டு கடைவீதியில் எதிரே வந்தது மாதிரி இருந்தது.

"ஏலே மாப்ள, நீ புதுசுன்னு சந்தோசப்படுவன்னு நெனச்சேன்டா. உரம் எறக்குற அவசரத்துல உன்கிட்ட சொல்ல மறந்துட்டேன்."

"என் வண்டிக்கு நீ யாரு மச்சான் சரின்னு சொல்ல?"

அவன் குரலைத் தாழ்த்தி, அண்ணனுக்குக் கேட்காத மாதிரி சொன்னான். "உன் வண்டிய ஒரு நா ஓட்டுனதுல இருந்து என் வண்டியில உக்காரவே பிடிக்கலடா. அண்ணன் போன் போட்டுக் கேட்டாரா, வாய்ல சரின்னு வந்துருச்சு."

அதைக் கேட்டதும் என் கோபத்தின் பாதி காணாமல் போனது. அவன், என்னைப் பார்த்து, என் வண்டியைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறான்! "என்னது?" என்று காது கேட்காதவன் மாதிரி கேட்டேன். இன்னொரு முறை சொல்லட்டும் என்றுதான். "போடா" என்றான். மீதிப் பாதி கோபத்தை வைத்துக்கொண்டு கார்ப்ரேட்டரை வாங்காமல் நகர மாட்டேன் என்று நின்றேன்.

அண்ணன் மாற்றித் தந்தார். ஸ்பேனரை வைக்கும் சத்தம் மட்டும் வழக்கத்தைவிடப் பலமாகக் கேட்டது. முடித்துவிட்டு என் பக்கம் திரும்பி, "இனிமே உங்க வண்டியில ஒரு நட்டு முறுக்குறதா இருந்தாலும் உங்ககிட்ட கேக்காம முறுக்க மாட்டேன் சார். போதுமா?" என்றார். "போதும்ணே" என்றேன். என் கண் முன்னாலேயே போனில் உரக்கடை இரண்டை அழித்து, சிவப்பு வண்டி சார் என்று அடித்தார். வென்றுவிட்டேன். வீடு போகும்வரை எல்லா சிக்னலிலும் சிவப்பு விழ வேண்டும் என்று ஆசைப்பட்டேன், நின்று கேட்பதற்காக.

அவர் சொன்ன சொல் தவறவில்லை. அடுத்தமுறை ஆயில் மாற்ற வண்டியை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, ஆபீஸ் மீட்டிங்கில் உட்கார்ந்தேன். போன் வந்தது.

"சார், ஃபில்டர்ல தூசி இருக்கு. தட்டவா?"

"தட்டுங்கண்ணே."

மறுபடி போன். "டயர்ல காத்து கம்மியா இருக்கு. அடிக்கவா?" மறுபடி. "முன் கண்ணாடியில காக்கா எச்சம் சார். தொடைக்கவா?" மேனேஜர் பேசிக்கொண்டிருக்கும்போதே மைக்கை அணைத்துவிட்டு ஒவ்வொன்றுக்கும் அனுமதி கொடுத்துக்கொண்டிருந்தேன். கிண்டல் செய்கிறாரா, நிஜமாகவே பயந்துவிட்டாரா என்று அவர் குரலில் கண்டுபிடிக்க முடியவில்லை.

கண்ணாடியைத் துடைக்கலாம் என்று நான் சொல்ல வாயெடுத்தபோது போனுக்குள் மச்சானின் குரல் கேட்டது. அவன் அங்கேதான் இருந்திருக்கிறான். "அண்ணே, என் வண்டி முடிஞ்சிருச்சா?"

"அது எப்பவோ முடிஞ்சது அப்பு. பின்னால புஷ் தேஞ்சிருந்துச்சு, மாத்திட்டேன். ஹாரன் வயரும் புதுசாப் போட்டுருக்கேன். எடுத்துட்டுக் கெளம்புங்க."

"சரிண்ணே."

ஏன் மாற்றினீர்கள் என்று அவன் கேட்கவில்லை. மாற்றட்டுமா என்று அவரும் அவனைக் கேட்டிருக்கவில்லை. யாரும் யாரையும் எதுவும் கேட்காமல் ஒரு வேலை முடிந்து, டீ கிளாஸ் வைக்கும் சத்தமும் கேட்டது. நான் சண்டை போட்டு வாங்கிய உரிமையைக் காதில் வைத்துக்கொண்டு, அவனிடம் இருந்ததற்கு ஏங்கினேன்.

"சார், லைன்ல இருக்கீகளா? எச்சத்த தொடைக்கவா வேணாமா?"

"அண்ணே" என்றேன், முடிந்தவரை சாதாரணமாக. "இதுக்கெல்லாம் எதுக்குண்ணே போன் போட்டுக் கேட்டுக்கிட்டு? உங்களுக்கு எது சரின்னு படுதோ அதச் செய்ங்க."

"அய்யய்யோ, அந்தக் கதையே வேணாம் சார்" என்றார் அவர். "ஆமாவா, இல்லையா, அத மட்டும் சொல்லுங்க."