கரையை நான் சமப்படுத்திய விதம்

கடலூரில் ஒரு சிறிய அலுவலகத்தில், நில அளவையாளர்களுக்கான செல்போன் செயலியை உருவாக்கியவன் நான். வாய்க்கால் கரையின் உயரத்தை இடம் இடமாக அளந்து அதில் பதிவார்கள். ஓர் இடத்தைக் காலியாக விட்டால் செயலி அடுத்த இடத்துக்குப் போகாது. அது தொல்லையாக இருக்கிறது என்றார்கள். உடனே, காலி இடத்தில் முந்தைய இடத்தின் அளவையே நிரப்பிக்கொள்ளும்படி மாற்றினேன். எல்லோரும் பாராட்டினார்கள்.

போன மழைக்காலத்தில், குமராட்சிப் பக்கம் அப்படி அளந்த ஒரு கரைமேல் அளவையாளர் செல்வியுடன் நடந்தேன். போனில் கரை ஒரே மட்டமாகத் தெரிந்தது. திடீரென என் கால் சேற்றில் இறங்கியது. அந்த இடத்தில் மட்டும் கரை தாழ்ந்திருந்தது. வாய்க்கால் தண்ணீர் அதன் விளிம்பைத் தொட்டுவிட்டது.

“இங்க முள்ளு ஜாஸ்தி சார். அளக்காம விட்டேன், ஆப்பே முந்தின அளவ போட்டுக்கிச்சு,” என்றார் செல்வி.

நேர் கீழே ஒரு வீடு. வாசலில் நின்ற அம்மா சொன்னார்: “கரை ஒரே ஒசரமா இருக்குன்னு கம்ப்யூட்டர்ல பாத்துச் சொன்னாங்க. அதான் கட்டில் மேல இருந்த நெல்லு மூட்டைய தரையில எறக்கிட்டேன்.”

செல்வி கரையை அடைக்க ஆட்களுக்குப் போன் செய்தார். நான் மூட்டைகளை மறுபடி கட்டிலில் ஏற்றினேன்.

“நீங்க எதுக்கு சார் தூக்குறீங்க?” என்றார் அந்த அம்மா.

அடுத்த மூட்டையைத் தூக்கினேன். ஏன் என்று அவரிடம் இன்றுவரை சொல்லவில்லை.

இப்போது அளக்காத இடத்தைச் செயலி காலியாகவே காட்டும்.

“பழசுதான் ஈஸியா இருந்துச்சு சார்,” என்கிறார்கள் அளவையாளர்கள்.

ஈஸியாகத்தான் இருந்தது. அந்த அம்மா நம்பி மூட்டையைத் தரையில் இறக்கும் அளவுக்கு.