கண்ணாடிக்குள் ஒரு சீர்த்துணி

போன வாரம் பீளமேட்டில் ஒரு கல்யாண வரவேற்பு. போட்டோகிராபர் ரெடி. வீடியோ லைட் கண்ணைப் பறிக்கிறது. மணப்பெண் மட்டும் மேடையேற மாட்டேன் என்கிறாள்.

மாப்பிள்ளையைப் பிடிக்கவில்லையா? அதெல்லாம் இல்லை. மேடைக்குப் பின்னால் தொங்கிய துணிதான் பிடிக்கவில்லை!

அது என்ன துணி என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

பெண்ணின் அம்மா சுலோச்சனா என் பழைய சிநேகிதி. ஆர்.எஸ்.புரத்தில் வீடு. வருஷா வருஷம் மே மாதம் டூர். போகிற ஊரிலெல்லாம் கை எம்பிராய்டரி ஒன்று வாங்கியாக வேண்டும். காஷ்மீர் சால்வை, லக்னோ குர்த்தா, பஞ்சாப் துப்பட்டா... ஒன்றையாவது உடுத்திப் பார்த்திருப்பாரா? ம்ஹூம்! எல்லாம் ஃப்ரேம் போட்டுச் சுவரில். மார்கழிக் குளிருக்குப் போர்த்த வேண்டிய சால்வை கண்ணாடிக்குள் கைதியாகக் கிடக்கிறது.

இந்த வருஷம் குஜராத்தில் கட்ச் பக்கம் போனார். வந்ததும் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். சிவப்புத் துணி. இண்டு இடுக்கு விடாமல் பூவேலை, நடுநடுவே குட்டிக் கண்ணாடிகள். அழகுதான். மறுக்கவில்லை.

"இது கடையில வாங்குனதில்லைங்க," என்றார் பெருமையாக. "ஒரு ஊட்டுக்குள்ளயே பூந்துட்டமுங்க. அந்தம்மா தம் புள்ள கல்யாணத்துச் சீருக்குன்னு தெச்சு வெச்சிருந்துச்சு. குடுக்கவே மாட்டேன்னுச்சு. நானும் உடலீங்க. அங்கயே கட்டில்ல உக்காந்துபோட்டேன். கடைசில அவிய ஊட்டுக்காரரே எடுத்துக் குடுத்துட்டாருங்க!"

"அந்தம்மா என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"என்னத்தச் சொல்லும்? அழுதுச்சு. இன்னொண்ணு தெச்சுக்குமுங்க."

காபி கொண்டுவந்த மகள் கவிதா அப்படியே நின்றுவிட்டாள். அவளுக்கு அப்போதுதான் நிச்சயமாகியிருந்தது.

"அந்தப் புள்ளைக்கு எப்பக் கல்யாணமுங்கம்மா?"

"அதையெல்லாம் யாரு கண்ணு கேட்டா?"

கேட்கவில்லையாம்! கடையில் பேரம் பேசினால் சாமர்த்தியம், சரி. ஒருத்தி வீட்டுக்குள் புகுந்து, அவள் அழ அழ எடுத்து வந்ததற்கு என்ன பெயர்? டூர் ஞாபகார்த்தம் என்கிறார்கள். நல்ல ஞாபகம்!

மேடைக்கு வருவோம். அந்தத் துணியைத்தான் பேக்கிரவுண்டாகக் கட்டியிருந்தார் சுலோச்சனா.

"எல்லாரும் பாக்கறாங்க சாமி, ஏறு," என்று பல்லைக் கடித்தார். கவிதா அசையவில்லை. கண் கலங்கியிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் குசுகுசுக்க ஆரம்பித்தார்கள்.

மாப்பிள்ளை மேடையிலிருந்து இறங்கி வந்தார். "என்னாச்சு கவிதா?"

"அது வேற ஒரு புள்ளையோட சீருங்க. அவிய அம்மா அழுவறப்பப் புடுங்கிட்டு வந்தது. அதுக்கு முன்னால நான் நிக்க மாட்டனுங்க."

மாப்பிள்ளை மேடைக்குத் திரும்பினார். பிறகு ஸ்டூலைப் போட்டு ஏறினார். கோட்டும் சூட்டுமாக, தானே முடிச்சுகளை அவிழ்த்தார். துணியை மடித்து மாமியார் கையில் கொடுத்தார்.

"பத்தரமா வெச்சுக்குங்கத்தை."

வெறும் சுவருக்கு முன்னால்தான் போட்டோ எடுத்தார்கள். கவிதா சிரித்தாள் பாருங்கள்... அந்தச் சிரிப்புக்கு எந்த எம்பிராய்டரி ஈடு?

சுலோச்சனா திருந்தினாரா? நீங்கள் வேறு! துணி இப்போது ஃப்ரேம் கடையில் இருக்கிறது. வருகிற மே மாதம் ராஜஸ்தானாம்.

கல்யாண வயதில் பெண் வைத்திருக்கும் ராஜஸ்தான் தாய்மார்களே... கதவைத் தாழ்போட்டுக்கொள்ளுங்கள்!