குறையைச் சொல்லி விற்பவள்

பழைய ஃபிரிட்ஜ் விற்கிறவர்கள் பொதுவாக அதன் அருமை பெருமைகளை அளந்துவிடுவார்கள். அவள் அப்படியில்லை. ஆள் கடைக்குள் காலை வைத்ததுமே, "இதுல ஐஸ் பெட்டிக் கதவு சரியா மூடாது. அது மோட்டார் மாத்தினது. மூலையில நிக்கிறது ராத்திரியில உறுமும், தூக்கம் கெட்டா என்னைத் திட்டக்கூடாது" என்று குறைகளில்தான் ஆரம்பிப்பாள். தெருவில் அவளுக்கு 'குறைசொல்லி அக்கா' என்றே பெயர். இந்த லட்சணத்தில் வியாபாரம் செய்தால் கடையில் ஈ ஓட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். ஆனால் அவளிடம் வாங்கிப் போனவன், அடுத்த மாதமே தன் மச்சானையும் கூட்டிக்கொண்டு வந்தான்.

கடையின் பின்பக்கம் அவள் கணவனுடையது. பழுது பார்ப்பது அவன் வேலை, பேசுவது இவள் வேலை. அவனிடமிருந்து ஒரு வார்த்தை வாங்குவதற்குள் நமக்குப் போதும் போதும் என்றாகிவிடும். இப்படி அமைதியான மனுஷன் வாய்த்தது தன் அதிர்ஷ்டம் என்று அவள் இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தாள். பாவம்.

மகள் கல்லூரியில் சேர்ந்த கையோடு ஆயுள் காப்பீட்டுப் பேச்சை எடுத்தவளும் அவள்தான். அவனுக்கு ஒன்று ஆகிவிட்டால் மகளின் படிப்பு நின்றுவிடக்கூடாது. அவன் இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்தடித்தான். விடாமல் நச்சரித்து, ஏஜெண்டைக் கடைக்கே வரவழைத்துவிட்டாள்.

நோய்களைப் பற்றிய கேள்விகள் வந்ததும், எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று போட்டுவிடலாம், கட்டுகிற தொகை குறையும் என்றான் ஏஜெண்ட். அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. மறைத்து வாங்கினால் நாளைக்குக் கம்பெனிக்காரன் கையை விரித்துவிடுவான், அப்போது என் மகளுக்கு நீயா ஃபீஸ் கட்டுவாய் என்று ஒரு பிடி பிடித்துவிட்டுக் கணவன் பக்கம் திரும்பினாள்.

"என்னங்க, எதையும் மறைக்காம சொல்லுங்க. சளி பிடிச்சதைக்கூட விடாதீங்க."

அவன் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தான். கரித்துணியில் விரல்களைத் துடைத்துக்கொண்டே சொன்னான். இரண்டு சிறுநீரகத்திலும் நீர்க்கட்டிகள். கல்யாணத்துக்கு முன்பே கண்டுபிடித்தது. தினமும் போடுகிற மாத்திரை ரத்த அழுத்தத்துக்கு. அப்பா செத்ததும் இதே நோயில்தான்.

அந்த மாத்திரை வயிற்று எரிச்சலுக்கு என்றல்லவா அவளிடம் சொல்லியிருந்தான்? தினமும் தண்ணீர் எடுத்துக் கொடுத்தவளே அவள்தானே. மாமனார் காய்ச்சலில் போய்விட்டார் என்று மாமியார் கண்ணைக் கசக்கிக்கொண்டு சொன்னதும் பொய்தான். ஆக, அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும், அவள் ஒருத்தியைத் தவிர. முன்பின் தெரியாத ஏஜெண்டிடம் கடகடவென்று சொல்ல முடிந்தவனுக்கு, பக்கத்தில் படுத்தவளிடம் சொல்ல வாய் வரவில்லை.

பரம்பரையாக வருவதா என்று ஏஜெண்ட் தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"பிள்ளைங்களுக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்புன்னு டாக்டர் அப்பவே சொன்னார்" என்றான் அவன்.

மருத்துவப் பரிசோதனைக்கு ஆள் அனுப்புவதாகச் சொல்லிவிட்டு ஏஜெண்ட் மெல்ல நழுவினான். அவள் ஒரு ஃபிரிட்ஜின் மேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள். அழுகை வரவில்லை. நம்ப வைத்துக் கழுத்தை அறுத்துவிட்டான் என்ற ஆத்திரம்தான் வந்தது.

"சொல்லியிருந்தா நீ என்னைக் கட்டியிருக்க மாட்டே" என்றான் அவன், தரையைப் பார்த்து.

"கட்டியிருப்பேனோ மாட்டேனோ, அதை நான்ல சொல்லியிருக்கணும்? எனக்கும் சேர்த்து நீங்களே முடிவு பண்ணிட்டீங்க. அதுவும் போகட்டும். நம்ம பொண்ணைப் பெத்துப் போட்டேனே, அப்பவாவது சொன்னீங்களா?"

அவன் கீழே வைத்த ஸ்க்ரூ டிரைவரை மறுபடி கையில் எடுத்தான். அந்த அமைதியைப் பார்க்கவே இப்போது அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

சாயங்காலம் மகள் தோளில் பையோடு கடைக்குள் வந்தாள். அம்மாவின் முகம் ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்டாள். மகளுக்குப் பின்னால் நின்ற அவன், வேண்டாம் என்று மனைவிக்குக் கையால் ஜாடை காட்டினான். அதைப் பார்த்ததும் அவளுக்கு மிச்சமிருந்த இரக்கமும் போய்விட்டது.

ஸ்டூலை இழுத்துப் போட்டு மகளை உட்கார வைத்தாள்.

"அப்பா உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றாள். பிறகு அவனைப் பார்த்து, "கம்பெனிக்குச் சொன்ன மாதிரியே சொல்லுங்க. ஒண்ணும் விடாம" என்றாள்.