பாசி எரிந்த அடுப்பு

தொட்டியில் கிடந்த கடல்பாசி செத்ததா, உயிரோடு இருந்ததா என்று இன்றுவரை எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அன்று காலை அந்தக் கேள்வியால் என் மாமியார் பட்டினியாக உட்கார்ந்திருந்தார்.

நாங்கள் சமணக் குடும்பம். அத்தை சதுர்த்தசி தோறும் உபவாசம் இருந்து, மறுநாள் சூரியன் வந்தபின் கஞ்சி குடித்து முடிப்பார். சர்க்கரை நோய் உள்ளவர். போன தடவை கஞ்சி தாமதமாகி மயங்கி விழுந்துவிட்டார். பாசியில் ஒரே உடம்புக்குள் கணக்கில்லாத உயிர்கள் என்பது எங்கள் நம்பிக்கை. மழைக்காலத்தில் வாசல் கல்லில் பாசி படர்ந்தால் சுற்றிக்கொண்டு போவாரே தவிர மிதிக்க மாட்டார்.

அப்படிப்பட்ட வீட்டுக்கு ஒரு மூட்டை காய்ந்த கடல்பாசியைக் கொண்டுவந்தார் என் வீட்டுக்காரர். சோலார் பொருத்தும் வேலையாக ராமநாதபுரம் பக்கம் போனவர். எங்கள் கொல்லையில் சாண எரிவாயுக் கலன் இருக்கிறது. மாடு ஒன்றாகக் குறைந்தபின் கேஸ் போதவில்லை. பாசியை உப்புப் போக ஊறவைத்துச் சாணத்தோடு கரைத்து ஊற்றினால் கேஸ் ஜாஸ்தி வரும் என்றார். ஒரு வாரமாக ஊற்றினார், அடுப்பும் நன்றாகத்தான் எரிந்தது. சருகு மாதிரி இருந்ததால் அத்தை ஒன்றும் கேட்கவில்லை.

உபவாசத்துக்கு மறுநாளான அன்று காலை முகம் கழுவப் போனவர் தொட்டியைப் பார்த்துவிட்டார். சருகெல்லாம் தண்ணீர் குடித்து உப்பி, பளபளவென்று மிதந்தது.

"இது பாசியாடா?"

"செத்த பாசிதாம்மா. வெயில்ல காஞ்சது."

"செத்தது எப்டிடா திரும்ப ஊதும்?"

எனக்கே குழம்பிவிட்டது. "விடுங்க அத்த, சிலிண்டர்ல ஆக்கறேன்" என்றேன்.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத மனுஷன் அவர். "சிலிண்டர் கேஸும் ஒரு காலத்துல கடல்ல கிடந்த பாசி மாதிரிதான்மா. மண்ணுக்குள்ள புதைஞ்சு அப்டி ஆயிடுச்சு" என்றார்.

"அப்ப அதுவும் வேணாம்" என்றார் அத்தை.

விறகு மூட்டலாமென்றால் அத்தைக்கு மூச்சிரைப்பு. அந்தப் புகைக்குப் பயந்துதான் கலனே போட்டோம். கரண்ட் அடுப்பை எடுத்தேன். "கரண்ட் எதுலடா வருது?" என்று கேட்டார். நிலக்கரியும் மண்ணில் புதைந்த செடிகொடிதான் என்று சொல்ல வீட்டுக்காரர் வாயைத் திறந்தார், நான் முறைத்தேன், மூடிக்கொண்டார். அதுவே பதிலாகிவிட்டது.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அத்தை சுவரில் சாய்ந்துகொண்டார். எனக்கு வந்த கோபம் பாசி மேலா, வீட்டுக்காரர் மேலா, பகவான் மேலா என்று புரியவில்லை. நேராகப் போய் அந்தப் பாசி கேஸ் அடுப்பையே பற்ற வைத்தேன். நீல நிறத்தில் சுத்தமாக எரிந்தது, ஒரு பொட்டுப் புகை இல்லை. இதில் எது பாவம் என்று பார்த்துக்கொண்டே கிளறினேன்.

கஞ்சியை அவர் முன் வைத்தேன். "பத்த வச்சது நான், ஆக்குனதும் நான். பாவம்னு ஒண்ணு இருந்தா என்னோட போவட்டும். நீங்க குடிங்க" என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

அத்தை கொல்லைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"உன்ன மட்டும் தனியா அனுப்பிட்டு நான் எங்கடி போவறது" என்று சொல்லிவிட்டு, டம்ளரை எடுத்துக் குடித்தார்.