மாமாவின் வாமப்

போட்டிக்கு முன்னால் உடம்பைச் சூடாக்க வேண்டும் என்று மாமா சொன்னதை அப்பா அப்படியே எடுத்துக்கொண்டார். பீர்மேட்டுக் குளிரில் வேறு எப்படிப் புரியும்? எஸ்டேட் விளையாட்டு விழாவன்று மைத்துனரைத் தேயிலை பேக்டரியின் அடுப்பருகே கம்பளி போர்த்தி உட்காரவைத்துவிட்டார். வியர்த்து வழிந்து, கண் சொக்கிப்போய்க் குத்துச்சண்டை மேடையேறிய மாமா, பக்கத்து எஸ்டேட்காரனின் முதல் குத்திலேயே விழுந்தார். அன்றிலிருந்து தொழிலாளர் குடியிருப்பான லயத்து வீடுகள் முழுக்க அவருக்கு ‘வெந்த கிழங்கு’ என்று பேர்.

“அடுத்த வருசமும் தோத்தா நம்ம ஊரு கம்பத்துக்கே போயிருவேன்க்கா” என்று அம்மாவிடம் சொன்னார். அம்மாவுக்குக் கூடப்பிறந்தவர் அவர் ஒருவர்தான்.

எழுபதுகளில் எங்கள் பக்கம், உடம்பைத் தயார்செய்யும் ‘வாமப்’ என்ற இங்கிலீஷ் சொல்லே புதிது. அதைச் சரியாகச் செய்யும் விதத்தை மாமா எங்கோ விசாரித்து வந்தார். குத்தும் நிலையில் காலை ஊன்றி, அசையாத ஒன்றின்மேல் முஷ்டியை வைத்து முழு பலத்தோடு தள்ள வேண்டும். கொஞ்சம் ஓய்வெடுத்துவிட்டு இறங்கினால் குத்து இடி மாதிரி விழுமாம். சாயங்காலங்களில் எங்கள் வீட்டுச் சுவரைத் தள்ளிக்கொண்டே இருந்தார்.

மறுவருட விழாவில்தான் தெரிந்தது, மைதானத்தில் சுவரே இல்லை. மாமா எஸ்டேட் துரையின் ஜீப்பைத் தள்ளினார். அது மெல்ல உருண்டு தேயிலைச் செடிக்குள் போய் நின்றது.

“ஏலே, கிழங்கு வண்டியத் தள்ளிக்கிட்டே ஊருக்குப் போவுதுலே!”

கூட்டம் சிரித்தது. மாமா தலையைக் குனிந்துகொண்டார். பெண்கள் பக்கமிருந்து அம்மா எழுந்து வந்தாள். கொழுந்து பறிக்கும் சரிவில் நிற்பதுபோலக் குதிகாலை மண்ணில் அழுத்தி, இரண்டு உள்ளங்கைகளையும் நீட்டினாள்.

“தள்ளு.”

“அக்கா, எல்லாரும் பாக்காங்க.”

“பாக்கட்டும். நீ தள்ளுலே.”

மாமா தள்ளினார். தாங்கிப் பிடிக்க ஓடிவந்த அப்பாவிடம், “நீங்க உதவி செஞ்சது போதும், அங்கிட்டு நில்லுங்க” என்றாள். மாமா மறுபடி தள்ளினார். அம்மாவின் கழுத்து நரம்பு புடைத்தது, கால் நகரவில்லை. என் மகளைத் தூக்கிக்கொண்டு படியிறங்கவே இரண்டு முறை யோசிக்கும் எனக்கு, அவள் நின்ற நிலையை நினைத்தால் இன்றும் நெஞ்சு நிமிர்கிறது.

சண்டையை நான் முழுதாகப் பார்த்தேனா, பிறகு கேட்டதையும் சேர்த்துக்கொண்டேனா என்று சந்தேகம் உண்டு. ஆனால் மாமாவின் வலக்கை நீண்டதும், பக்கத்து எஸ்டேட்காரன் எழ முடியாமல் உட்கார்ந்துவிட்டதும் நிச்சயம்.

“எம் மாப்ளடா!” என்று அப்பா கத்தினார். ஆட்கள் மாமாவைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள்.

யாரோ அம்மாவுக்குத் தேநீர் கொடுத்தார்கள். அவளால் டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. பாதி புடவையில் சிந்தியது. கைகள் இரண்டும் நடுங்கிக்கொண்டிருந்தன. குளிருகிறது என்று நினைத்தேன். என் ஸ்வெட்டரைக் கழற்றி அவள் மடியில் போட்டுவிட்டு, ஜெயித்தவரைப் பார்க்க ஓடினேன்.