ஒரு சென்ட் ஏலம்

அமெரிக்காவில், நெப்ராஸ்காவில் எங்கள் பக்கம் ஹால்வர் பிரெக்கே என்றால் முதலில் அவன் முஷ்டிதான் ஞாபகம் வரும். அவனும் எங்களைப்போலச் சோளம் போடுகிற விவசாயிதான். விளைந்ததை விற்றால் வண்டிக்கூலிகூடத் தேறாத வருஷங்கள் அவை. வரி கட்டாதவர்களின் மாட்டையும் குதிரையையும் கவுண்டி, அதாவது எங்கள் மாவட்ட நிர்வாகம், ஏலம் விட்டது. நாங்கள் திரண்டு போவோம். எங்களில் ஒருவர் ஒரு சென்ட், டாலரில் நூறில் ஒரு பங்கு, என்று விலை கேட்பார். வேறு யாரும் வாய் திறக்கக் கூடாது. எடுத்தவர் அதை உடையவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுவார். யாராவது விலையை ஏற்றினால் ஹால்வர் கவனித்துக்கொள்வான். பயமுறுத்துவதற்கென்றே கொட்டகை உத்தரத்தில் ஒரு சுருக்குக் கயிறு தொங்கும். ஒரு தரகனின் தாடையை அவன் உடைத்தபோது ஊரே கைதட்டியது.

அவனுடைய இரண்டு குதிரைகளே அவன் பண்ணையில் ஏலத்துக்கு வந்த அன்று, பள்ளிக்கூட வாத்தியார் லெஸ்டர் ஹேன் முன்னால் வந்து நின்றார். வரி வராததால் ஒரு வருஷமாக அவருக்குச் சம்பளம் இல்லை. பதிலுக்குக் கவுண்டி கொடுத்திருந்த சீட்டுகளைக் கடைக்காரர்கள் தொடவில்லை. கவுண்டி ஏலத்தில் மட்டும்தான் அவை செல்லும்.

"நாப்பது டாலர்" என்றார்.

"வாத்தியாரே, வழி தவறி வந்துட்டீரா?" ஹால்வர் சிரித்தான்.

"உங்க வரியிலதான் என் சம்பளம் இருக்கு, ஹால்வர். எனக்கும் வயிறு இருக்கு."

முதல் குத்தில் மூக்கு உடைந்தது. இரண்டாவதில் மண்டியிட்டார். நாலு பேர் தூக்கி நிறுத்திக் கழுத்தில் சுருக்கை மாட்டினார்கள். ஏலத்துக்குக் காவலாக வந்திருந்த ஷெரிப் தன் பூட்ஸையே பார்த்துக்கொண்டு நின்றார். அவரும் எங்களிடம் ஓட்டு வாங்குகிறவர்தானே. அதோடு விட்டிருக்கலாம். ஹால்வருக்குக் கொழுப்பு அடங்கவில்லை.

"இவன் வாயாலயே ஒரு சென்ட்னு கேக்கட்டும்."

கயிறு இறுகியது. வாத்தியாரின் குதிகால் தரையை விட்டு எழும்பியது. ரத்தத்தோடு சேர்த்து "ஒரு சென்ட்" என்று துப்பினார். ஏலக்காரர் சுத்தியலைத் தட்டினார்.

"சரி, இப்ப குதிரையத் திருப்பிக் குடு" என்றான் ஹால்வர்.

"மாட்டேன். ஷெரிப் முன்னால ஏலம் எனக்கு விழுந்திருக்கு."

"தொங்கிருவ."

"தொங்கவிடு. அப்பவும் குதிரை வாரிசா எங்கம்மாவுக்குத்தான் போகும்."

கொலைக்குச் சாட்சி சொல்ல ஷெரிப்புக்கு விருப்பமில்லை. "ஏலம் செல்லும். கயித்த எடுங்கடா" என்றார்.

வாத்தியார் இரண்டு குதிரைகளையும் பிடித்துக்கொண்டு தள்ளாடித் தள்ளாடி சாலைக்குப் போனார். ஹால்வர் வீட்டுக்குள் போய்த் துப்பாக்கியோடு வந்தான். அவன் மனைவி சிக்னே கையைப் பிடித்துத் தொங்கினாள்; உதறித் தள்ளினான். வாத்தியார் தொலைந்தார் என்றுதான் நினைத்தோம்.

இரண்டு வெடி. இரண்டு குதிரைகளும் சாலையில் சரிந்தன. குட்டியிலிருந்து அவன் கையாலேயே வளர்த்தவை.

"உன்னோடதுதான். எடுத்துட்டுப் போ, வாத்தியாரே."

வாத்தியார் அங்கேயே புழுதியில் உட்கார்ந்து அழுதார். அதற்குப் பிறகு எங்கள் பள்ளிக்கூடம் திறக்கவில்லை. அடுத்த வசந்தத்தில் சிக்னே கலப்பையைப் பிடிக்க, ஹால்வர் தோளில் வாரைப் போட்டு இழுத்தான். பாவம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.